பதில் வராத பதினோரு மாதங்கள்

மழைக்காலம் கம்ப்யூட்டருக்கு ஆகாது, ஐயா. கொடைக்கானல் ஈரம் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் நாயுடுபுரத்தில் என் பிரௌசிங் சென்டரைக் காலை ஏழு மணிக்கே திறந்து, ஆறு மெஷினையும் போட்டு வைப்பேன். சுதாராணி வருவது பத்து மணிக்கு. இடையில் இருந்த அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

என் பெயர் ராஜமுருகன். சொந்த ஊர் பழனி. வயது நாற்பத்தொன்று. தனி ஆள்.

சுதாராணியின் அப்பா நல்லையா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். இங்கே கேரட் காட்டில் கூலி வேலை. மகள் திண்டுக்கல்லில் டிசைன் படித்துவிட்டு 2007 ஜூனில் ஊர் திரும்பினாள். கடைகளுக்கு லோகோ, பாக்கெட்டுக்கு லேபிள் போடுவாள். ஒரு மிளகுப் பாக்கெட்டுக்கு அவள் வரைந்த கொடியைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

“இங்க யாருண்ணே இதக் கேட்டு வர்றாக? நெட்டுல வேல பிடிக்கணும். எப்படின்னு சொல்லிக்குடுங்க” என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் செய்வேன் என்று போடாதே, பாக்கெட் லேபிள் மட்டும் என்று போடு என்றேன். இருபது படம் வேண்டாம், நல்லதாக ஆறு போதும். வாரம் பத்து வியாபாரிகளுக்குப் பெயர் சொல்லி எழுது, அவர்கள் சரக்கைப் பற்றி இரண்டு வரி சேர். வெப்சைட்டும் நானே செய்து கொடுத்தேன். முகவரிக்கு என் கடையைப் போட்டேன். மெயில் ஐடியும் நான்தான் தொடங்கினேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்; காலையில் மெயில் பார்த்துச் சொல்வதை என்னிடமே விட்டிருந்தாள்.

மூன்றாம் வாரமே பதில் வந்தது. கோயம்புத்தூரில் காபித்தூள் விற்கும் குமாரவேல் என்பவர். பன்னிரண்டு லேபிள் வேண்டும், ஆறு மாதம் அங்கேயே தங்கிச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் நம்பர் மெஷின் முன்னால் இருந்த அவள் நாற்காலியைப் பார்த்தேன். பிறகு அவள் பெயரில், ‘மன்னிக்கவும், நேரமில்லை’ என்று அனுப்பிவிட்டு இரண்டையும் அழித்தேன்.

“ஏதாச்சும் வந்திருக்காண்ணே?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

“இல்லம்மா. வரும்.”

அன்று அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பதினோரு மாதத்தில் பதினான்கு பேர் எழுதினார்கள். குமாரவேல் மட்டும் மூன்று தடவை. எல்லாருக்கும் மரியாதையாகவே மறுப்பு எழுதினேன்.

“எங் கையில ஒண்ணுமில்ல போலண்ணே” என்றாள் ஒரு நாள்.

“கோடு இன்னும் அமையல. திருப்பி வரைஞ்சு பாரு” என்றேன். அது பொய். அந்தக் கோட்டில் திருத்த எதுவும் இல்லை. ஆனால் திருப்பி வரைய ஒரு வாரமாகும். அந்த ஒரு வாரமும் அவள் கடையில் இருப்பாள்.

போன மே மாதம் வந்து, “போதும்ணே. திண்டுக்கல் பக்கம் நூல் மில்லுல ஆளெடுக்கறாக. வெரசா வரச் சொல்லிட்டாக” என்றாள். அன்று காலையிலும் ஒரு மெயில் வந்திருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். பஸ் ஸ்டாண்டு வரை போய், பையை நானே ஏற்றிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் மில் மெஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.

ஊர் திரும்பியவளைப் போய்ப் பார்த்தேன். “வெப்சைட்ட எடுத்துருங்கண்ணே, பாக்க முடியல” என்றாள். இடது கையால் மவுஸ் பிடிக்கச் சொல்லித்தருகிறேன், கடைக்கு வா என்றேன். திரும்பி நடக்கும்போது மனதில் வந்ததை மறைக்க விரும்பவில்லை. இனி இவள் எங்கும் போகமாட்டாள். அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெப்சைட்டை நான் எடுக்கவில்லை. நேற்று, பண்ணைக்காட்டுக்குக் காபிக்கொட்டை வாங்க வந்த குமாரவேல், அதிலிருந்த முகவரியை வைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அவள் இடது கையால் பழகிக்கொண்டிருந்தாள்.

“சுதாராணிங்கறது நீங்களாங்க? மூணு வாட்டி எழுதியும் நேரமில்லைன்னுட்டீங்களே” என்று, அந்தப் பதில்களின் பிரின்ட்டை நீட்டினார். அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தார்.

அவள் மூன்று தாளையும் மெதுவாகப் படித்தாள். “நா எழுதலீங்க” என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப, எம் படம் நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?”

“இருந்தது” என்றேன்.

கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனாள்.

அவள் தம்பி அருண்பாண்டியன் புகாரில் எழுதிக் கொடுத்திருப்பது அத்தனையும் உண்மை, ஐயா. நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி. இடது கைப் பழக்கத்தை நடுவில் விடக்கூடாது. நாளைக்கு அவள் வரும்போது கடை பூட்டியிருந்தால் மழையில் நிற்பாள். யாரையாவது அனுப்பித் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.