சுரண்டக் கூடாத இடம்

பிளாஸ்டர் கத்தி வாங்குகிறவர்கள் முதலில் அதன் கூர்மையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நான் கைப்பிடியைப் பார்ப்பேன். மாவு படிந்த கையில் வழவழப்பான பிடி நிற்காது. வழுக்கினால் மாடலில் முன்பல்லே போய்விடும். தண்ணீர் ஓடுகிற ட்ரிம்மர் மெஷின் நல்லதுதான். ஆனால் கோவில்பட்டிக் கோடையில் குழாயை நம்பி அதை வாங்க முடியாது. அதனால் நான் எல்லாவற்றையும் கையால்தான் வெட்டுகிறேன். என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்து வந்த இலை வடிவ முனைக் கத்தியை பல்செட்டு கட்டும் மற்ற லேப்காரர்கள் மெழுகு செதுக்க வைத்திருப்பார்கள். நான் வேறொன்றுக்கு வைத்திருந்தேன், ஐயா.

பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றினால் ஈறு அப்படியே மாடலாக வரும். அதன் மேல்தான் பல்செட்டு கட்டுவோம். மேலண்ணத்தின் பின்னோரத்தில் மாடலை ஒரு நூல் அளவு சுரண்டுவது தொழில்முறை. சுரண்டிய இடத்தில் செட்டு புடைத்து வந்து அழுத்திப் பிடிக்கும், கழன்று விழாது. அங்கே சதை மெத்தென்று இருப்பதால் தாங்கும். கீழ்த்தாடையின் உள்பக்கம் மெல்லிய தோலுக்கு அடியிலேயே எலும்பு விளிம்பு. அங்கே சுரண்டக் கூடாது.

நாகலாபுரம் ராமசுப்பு அண்ணாச்சிக்கு நான் அங்கே சுரண்டினேன்.

எழுபதைத் தாண்டியவர். மானாவாரியில் உளுந்தும் பருத்தியும் போடுகிறவர். சர்க்கரை நோய் உண்டு. டாக்டரிடம் அளவு கொடுத்துவிட்டு, பல்லின் நிறம் பார்க்க நேராக எங்கள் லேபுக்கு வந்தார். நிறம் காட்டுவது என் மனைவி ஷைலாவின் வேலை. அவளிடம் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

“இந்தா தாயி, எனக்குப் பல்லு வார வரைக்கும் நீ தின்னு. பெறகு திருப்பி வாங்கிக்கிடுதேன்.”

“எப்படி வைக்கணும் பெரியப்பா, வெள்ளையாவா, கொஞ்சம் பழுப்பாவா?”

“வெள்ளையாவே வையி. பொண்ணு பாக்கப் போறவன்னு ஊருல நாலு பேரு பேசட்டும்.”

ஷைலா வாய்விட்டுச் சிரித்தாள். என்னிடம் அவள் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். எனக்குச் சந்தேகப் புத்தி கிடையாது. கவனிக்கிறவன், அவ்வளவுதான்.

செட்டு போட்ட மறுவாரமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். “உள்ளுக்குள்ள குத்துது தம்பி. கூழு மட்டுந்தான் எறங்குது. டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருதேன்.”

“அவரு எதுக்கு அண்ணாச்சி? நான் சரிபண்ணித் தாரேன்” என்றேன். அவர் கண் முன்னாலேயே செட்டை மெஷினில் பிடித்து வெளிப்பக்கத்தை ராவினேன். நல்ல சத்தம் வந்தது. நம்பினார். ஷைலா எங்கள் வீட்டு டம்ளரில் வெந்நீரும் உப்பும் கலந்து வாய் கொப்பளிக்கக் கொடுத்தாள். அந்த டம்ளரை நான் அதன்பின் தொடவில்லை.

டாக்டரிடம் அனுப்பாமல் நானே புது அளவெடுத்து இரண்டாவது செட்டும், பிறகு மூன்றாவதும் இலவசமாகவே கட்டிக்கொடுத்தேன். என்னைப் பற்றி, சாம்ராஜ் மாதிரி வராது என்று அவர் ஊரெல்லாம் சொன்னாராம். மூன்றாவது மாடலில் வேலை செய்யும்போது ஷைலா பக்கத்தில் வந்து நின்றாள்.

“இங்கன ஏன் சுரண்டுதீங்க? மேல்செட்டுக்குத்தான சுரண்டணும்?”

“அவருன்னா ஒனக்கு என்ன அவ்வளவு அக்கறை?”

அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

புண் ஆறவில்லை. சர்க்கரை உடம்பில் ஆறாது என்பது எனக்குத் தெரியும். சீழ் தாடைக்குக் கீழே இறங்கி, கழுத்து வீங்கி, மூச்சு அடைத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் மகள் முத்துச்செல்வி மூன்று செட்டுகளையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே கனத்தில் புடைப்பு. வேறு ஒருவன் செய்திருந்தால் மூன்றும் மூன்று விதமாக இருந்திருக்கும். தற்செயல் என்று விட்டிருப்பீர்கள். என் கை அப்படிப் பிசகாது.

அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஷைலாவின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

காலையில் அவள் இங்கே ஸ்டேஷனில் அழுதபோது தண்ணீர் கொடுத்தீர்கள். போகும்போது அவளைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தீர்கள். உங்களுக்குக் கீழ்வரிசையில், வலது பக்கம், இரண்டு பல் இல்லை. சும்மா, கண்ணில் பட்டது.