வளையல் அனுப்பியவர்களின் முன்னிலையில்

கறுப்புப் பட்டை குத்தி மேடையை நிறைத்திருக்கும் சங்க நிர்வாகிகளே! பேராவூரணிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி மங்களாம்பிகை அவர்களே! சங்கச் செயலாளர் கமலாம்பாளின் வணக்கம்.

கடைமடை விவசாயிகள் சங்கத் தலைவர், வாய்க்கால் காவலர் வைரக்கண்ணு மறைந்துவிட்டார். எதனால் மறைந்தார்? பேனரில் மாரடைப்பு என்று போட்டிருக்கிறீர்கள். பச்சைப் பொய்! அண்ணனுக்கு வந்தது புராஸ்டேட் புற்றுநோய். சொல்வதற்கு வெட்கமா? அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இதே நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் இன்னொருவர் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். நாளை அவருக்கு அடுத்த ஊசி. போகவே மாட்டேன் என்று சாதிக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்காகத்தான் பேசுகிறேன்.

அண்ணனைப் புகழாமல் இருக்க முடியுமா? தண்ணீர் வராத வருஷம் மதகிலேயே பாயை விரித்துப் படுத்தவர் யார்? வைரக்கண்ணு! போலீஸ் தடியைத் தூக்கியதும் நீங்களெல்லாம் தென்னந்தோப்புக்குள் ஓட, ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தவர் யார்? வைரக்கண்ணு! தண்ணீர் திறக்காத என்ஜினீயருக்குத் தாம்பாளத்தில் சேலையும் வளையலும் வைத்துக் கொடுக்கும் போராட்டத்தை நம் சங்கத்தில் தொடங்கி வைத்தவரும் அவரேதான். "ஏண்ணே, வளையல் போட்ட கைதானே உங்க வயல்ல நாத்து நடுது?" என்று அன்றைக்கே கேட்டேன். "போம்மா, இதெல்லாம் அரசியல்" என்று சிரித்தார்.

நோய் வந்தபோது தஞ்சாவூர் டாக்டர் புட்டுப் புட்டு வைத்தமாதிரி சொன்னார். "ஆம்பளை ஹார்மோன்தாங்க இந்தப் புத்துக்குத் தீனி. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி அந்தத் தீனிய நிறுத்திடும். அடியோட போகாது, அடங்கிக் கிடக்கும்." அடங்கியது! ரத்தப் பரிசோதனையில் புற்றைக் காட்டும் அளவு மளமளவென்று இறங்கியது. முதுகுவலி விட்டது. ஆனால் ஊசி சும்மா விடுமா? உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. மார்கழிக் குளிரிலும் சட்டை நனைந்தது. மார்பு தடித்தது, கைகால் சோர்ந்தது, தாம்பத்தியம் நின்றது. "எனக்கு மனுஷன் கண்ணு முன்னாடி இருந்தாப் போதும் கமலா" என்றார் அண்ணி.

அண்ணிக்குப் போதும். உங்களுக்குப் போதவில்லையே! டீக்கடையில் என்ன பேசினீர்கள்? "தலைவருக்கு எத்தனை மாசம்?" என்றீர்கள். "மாராப்புப் போட்டுக்கச் சொல்லுங்கப்பா" என்றீர்கள். களைப்பில் அவர் மறியலுக்கு வராத அன்று, அவர் வாசலுக்கே ஒரு தாம்பாளம் போனது. சேலை, வளையல், ஒரு முழம் மல்லிகை. அனுப்பியவர் துணைத் தலைவர் அரவிந்தன். ஏன் தம்பி தலையைக் குனிகிறீர்கள்? அடுத்த தலைவர் மாலை உங்களுக்குத்தானே, நிமிர்ந்து உட்காருங்கள்!

அதற்குப் பிறகு அண்ணன் ஊசிக்குப் போகவில்லை. அண்ணி அவர் காலைப் பிடித்து அழுதார். "நான் ஆம்பளையாவே சாவுறேன், விடு" என்றார். மெல்ல வேர்வை நின்றது. ஆள் மிடுக்கானார். புற்றும் மிடுக்கானது. முதுகெலும்பை அரித்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே போயிற்று. மதகில் படுத்த மனிதர், மலம் போவதுகூடத் தெரியாமல் கட்டிலில் கிடந்தார். ஆம்பளையாகவா செத்தார்? கத்திக் கத்திச் செத்தார்! அந்தச் சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்குமே, யாராவது சிரித்தீர்களா? கருமாதியன்று அண்ணியின் கை வளையலைக் கழற்றினார்கள். ஒரு டஜன் அனுப்பிவிட்டு, இருந்ததையும் பறித்துக்கொண்டீர்கள். பாவிகளா!

ஊசி போட்டிருந்தால் நூறு வயது என்று டாக்டர் சொல்லவில்லை. இன்னும் சில சம்பா அறுவடை பார்த்திருக்கலாம், இந்தச் சித்திரவதை வந்திருக்காது என்றுதான் சொன்னார். அண்ணன் மேலும் எனக்கு ஆத்திரம்தான். தடியடிக்கு அஞ்சாதவர் போயும் போயும் உங்கள் இளிப்புக்கு அஞ்சினாரே!

யாருப்பா அங்க எழுந்திரிக்கிறது? உட்காருங்க. இன்னும் முடிக்கவில்லை.

அண்ணன் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சூளுரைத்தீர்கள். எந்தப் பணியை? தொட்ட எதையும் அவர் பாதியில் விட்டதில்லை. பாதியில் விட்டது அந்த ஊசி ஒன்றைத்தான்! நாளைக் காலையில் சங்கத்து வேன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஐம்பது தாண்டிய ஆண்கள் வேன் கொள்ளும் மட்டும் ஏறுங்கள். நிர்வாகிகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஏற வேண்டும். யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் ரத்தப் பரிசோதனை என்று ஊரில் ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. வேனை ஓட்டப் போவது அரவிந்தன். தலைவராக அவர் செய்யும் முதல் வேலை இதுதான்.

அண்ணியும் வருகிறார். நான் கூப்பிடவில்லை, அவராகவே கேட்டார். உங்களைப் பார்த்தபடி முன் சீட்டில் திரும்பித்தான் உட்காருவாராம். அவர் முகத்துக்கு நேராகச் சிரிக்க முடிந்தவன், நாளைக்குச் சிரித்துக் காட்டட்டும்.