நான் கறுப்பு அடித்த துப்பாக்கி

தெளிந்த பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம்தான் முதலில் வண்ணம் அடிக்க வேண்டும். பலர் வெளியே தொடங்கிவிட்டு, வெயில் பட்டதும் கறுப்பு ஏன் வெளுத்த துணி மாதிரி தெரிகிறது என்று குழம்புகிறார்கள். வெளிச்சம் உள்ளே புகுந்து திரும்பி வருவதுதான் காரணம். உள்ளே வெள்ளி நிறம், அது காய்ந்த பிறகு வெளியே கறுப்பு, மெல்லிய மூன்று பூச்சு. அவசரப்படக் கூடாது.

நீங்கள் கேட்டது யானிக்கின் வலது கண்ணைப் பற்றி. தெரியும், மேடம். அவன் மனைவி ஜொஸே, தான் சுட்ட குண்டுதான் அந்தக் கண்ணை எடுத்தது என்று கையெழுத்துப் போட்ட தாள் இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் மேசையில் இருக்கிறது. அதைக் கிழித்துவிடலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் துப்பாக்கியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊரில் கடைகளில் கிடைப்பது உள்ளே இருக்கும் பல்சக்கரமெல்லாம் தெரிகிற விளையாட்டுத் துப்பாக்கிதான். பட்டாணியைவிடச் சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடும். போன கோடையில் ஒன்று வாங்கினேன். நாற்பத்து மூன்று வயதில் புதிய விளையாட்டு. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆற்றங்கரையில் மூடிக் கிடக்கும் மரம் அறுக்கும் ஆலையில் ஞாயிறுதோறும் இருபது பேர் கூடுவார்கள். முதல் நாளே யானிக் என் துப்பாக்கியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"டேய் ரெமி, மீன் தொட்டியத் தூக்கிட்டு வந்திருக்கியே. இரை போட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை செய்பவன். பல்லில் கீச்சிடுகிற புதுக் கட்டிகளைப் பை நிறையக் கொண்டுவந்து அன்றும் எல்லோருக்கும் கொடுத்தான். எனக்கும்தான்.

நான் கார் பெயிண்டர். இருபத்திரண்டு வருடமாக டிங்கரிங் பட்டறையில் நசுங்கிய கதவுகளைப் புதிதாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தத் துப்பாக்கிக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். உப்புத்தாளால் தேய்த்தேன், உள்ளே வெள்ளி அடித்தேன், வெளியே மினுங்காத கறுப்பு. விளிம்புகளில் வருடக்கணக்காகக் கை பட்டுத் தேய்ந்தது போலச் சாம்பல் நிறத்தைத் துணியால் ஒற்றினேன். இரண்டு பாதிகளும் சேருகிற கோடே தெரியாது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று.

அடுத்த ஞாயிறு அதைப் பார்த்துவிட்டு ஜொஸே ஒரு அடி பின்வாங்கினாள். "ஐயோ, நெசத் துப்பாக்கின்னு நெனச்சேன்பா." யானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மீனெல்லாம் எங்கடா போச்சு?" என்றான். அப்புறம், "எனக்கும் இப்படி அடிச்சுத் தாயேன்" என்றான். அவன் கேட்டது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மதியம் நான் அவனை மூன்று முறை சுட்டேன். அவன் கை உயர்த்தவில்லை.

இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது. குண்டு தடமும் விடாது. பட்டவனே "பட்டுருச்சு" என்று சொல்லி, கையைத் தூக்கி, தலையில் சிவப்புத் துணியைப் போட்டுக்கொண்டு வெளியேற வேண்டும். மொத்த விளையாட்டும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. அதைச் சொல்லாதவனோடு யார் எப்படி விளையாடுவது?

அவன் மரக்கட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றான். நான் லாரித் தராசுக்குப் பின்னால் இருந்தேன். முப்பத்தைந்து மீட்டர் இருக்கலாம். வெள்ளைக் குண்டு நேராக அவன் மார்புக்குப் போவதைப் பார்த்தேன். மூன்று முறையும் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

"படலடா," என்றான். "பட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

ஜொஸே பக்கத்தில் நின்று சிரித்தாள். "உன் குண்டு வந்து சேர்றதுக்குள்ள இவன் ஒரு சிகரெட்டக் குடிச்சு முடிச்சிருவான் ரெமி."

"அவளக் கண்டுக்காத," என்றான் யானிக். "பெயிண்ட் பிரமாதம். ஆனா உள்ள அதே பழைய ஸ்பிரிங்தான. சாயங்காலம் வீட்டுக்கு வா, பிரிச்சு நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன். அரை மணி நேர வேல."

பிரிப்பதென்றால் இரண்டு பாதிகளும் சேருகிற, நான் மூடி மறைத்த கோட்டைக் கத்தியால் கீற வேண்டும். பூச்சு செதில் செதிலாகப் போய்விடும். அவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆட்டத்தில் எல்லோரும் கண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கவசம் உண்டு; தன் கண்கவசத்தை யானிக் அவனாகத்தான் கொடுத்தான். அதன் விளிம்புச் சட்டத்துக்கு என் துப்பாக்கியைப் போலவே கறுப்பு அடிக்கச் சொன்னான். பூச்சு பிடிக்க நாளாகும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும் என்று சொன்னேன். சனிக்கிழமை வாங்கிக்கொண்டு ஞாயிறு காலையில் திருப்பிக் கொடுப்பேன்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். முதலில் வண்ணம் அடித்தபோது என் துப்பாக்கியின் குண்டுப் பெட்டி ஒன்றைத் தவறான தின்னரால் துடைத்துவிட்டேன். பார்க்க அப்படியே இருந்தது, இன்னும் பளபளப்பாகக்கூட. மறுநாள் காலையில் விரலால் அழுத்தினேன், பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. சில தெளிந்த பிளாஸ்டிக்குகள் அப்படித்தான். வெளியே ஒன்றும் காட்டாது, உள்ளே வலு போய்விடும்.

யானிக்கின் கண்கவசத்தில் இருந்த தெளிந்த பிளாஸ்டிக் தகட்டை அந்தத் தின்னரால் துடைத்தேன். மூன்று சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் மிக லேசாக. கண் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தகட்டில் ஒரு குண்டு பட்டால் விரிசல் விடும். விரிசலை யாரும் மறுக்க முடியாது. அவன் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். சட்டத்துக்கு அடித்த கறுப்பும் மிக நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் கடைசி ஞாயிறு. முதல் பனி விழப்போகிற மாதிரி வானம். யானிக்கும் நானும் ஒரே அணி, ஜொஸே எதிரணி. அவள் துப்பாக்கி என்னுடையதைப் போலக் கடையில் வாங்கியதல்ல, வேகமானது. அவளிடமிருந்து பன்னிரண்டு மீட்டரில் யானிக் மரக்கட்டை அடுக்கின் ஓரமாகத் தலையை நீட்டினான், அவள் சுட்டாள். நான் அவனுக்கு நான்கு அடி பின்னால் இருந்தேன். விரிசல் விடும் சத்தம் கேட்டது, குளத்துப் பனிக்கட்டியில் கால் வைத்தது போல.

அவன் முதலில் கையைத் தூக்கினான். "பட்டுருச்சு" என்றான், தெளிவாக. பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். பிறகுதான் முழங்காலில் உட்கார்ந்தான், விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. சொல்ல வராதவன் இல்லை என்பது அப்போது எனக்கு உறுதியாயிற்று.

நான்தான் அவனை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒன்பது நாள். ஜொஸே தன் துப்பாக்கியை ஆற்றில் எறிந்துவிட்டாள். நான் பட்டாணி சூப் ஒரு சட்டி வைத்து எடுத்துப் போனேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் ரெமி. அவன் மூஞ்சிய எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சுட்டேன்."

"உன் தப்பில்ல ஜொஸே," என்றேன். "பிளாஸ்டிக்க நம்ப முடியாது."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கிளம்பும்போது இரவு எட்டு மணி; அவள் அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

உங்கள் ஆட்கள் என் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்ததாகச் சொன்னீர்கள். குண்டு இருபத்தோராவது மீட்டரிலேயே தரையில் விழுகிறது, முப்பத்தைந்தாவது மீட்டருக்கு எப்படிச் சுட்டாலும் போகாது என்றீர்கள். மூடிய கூடத்தில் சுட்டிருப்பீர்கள். அன்று ஆற்றிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. இயந்திரங்கள் அளக்கும், நான் பார்த்தேன்.

சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்றுதான் நேற்று யானிக்கைப் பார்க்க மருத்துவமனைக்கே போனேன். கண்ணை எடுத்துவிட்டார்கள். பாதி முகத்தில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"ஜொஸேகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லுடா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. ராத்திரியெல்லாம் தூங்குறதில்லயாம்."

சொல்கிறேன் என்றேன். அதனால்தான் இன்று உங்களிடம் வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். நேற்று அங்கேயே கதவைச் சாத்திவிட்டு அவனிடம் தகட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். நான் காத்திருந்தேன். இனி மறைக்க அவனுக்கு என்ன இருக்கிறது? மெதுவாகக் கேட்டேன், அந்த மூன்று குண்டு பட்டதா, இல்லையா என்று.

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். "இல்லடா ரெமி," என்றான். "ஒண்ணுகூடப் படல."

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். தகட்டை மூன்று முறையும் துடைத்தது நான்தான். ஜொஸேமீது ஒரு தவறும் இல்லை. அதற்குக் கீழே இதையும் எழுதுங்கள்: இவ்வளவுக்குப் பிறகும் அவன் உண்மையைச் சொல்லவில்லை.