பெரிய படங்களைக் காட்டு

காபி ஆறுவதற்குள் ஒரு பிடிஎஃப் திறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை அல்ல. என் மடிக்கணினியில் அது நடக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் துறைத் தலைவர். முனைவர் பட்ட ஆய்வேடுகள் என் கையெழுத்து வாங்கிய பிறகே பல்கலைக்கழகத்துக்குப் போகும். ஒவ்வொன்றும் முந்நூறு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் இலை, தண்டு, பூஞ்சை.

ஆகவே மென்பொருளின் அமைப்புகளைக் கொஞ்சம் சரிசெய்தேன். ஓரத்தில் வரிசைகட்டும் குட்டிப் பக்கங்களை மூடினேன். ‘பெரிய படங்களைக் காட்டு’ என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். அதன்பின் கோப்புகள் பறந்தன. படங்கள் வரவேண்டிய இடங்களில் சாம்பல் நிறக் கட்டங்கள் வந்தன. கண்ணுக்கு இதமாகவே இருந்தன. நான்கு ஆண்டுகள் நிம்மதியாகப் போயின.

கெடாரிலிருந்து வந்த சித்தார்த்தனின் ஆய்வேடு நிலக்கடலையின், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையின், இலைப்புள்ளி நோயைப் பற்றியது. ஆறு வருட உழைப்பு. எழுத்து குறைவு, எங்கு திரும்பினாலும் ‘படம் காண்க’. பாராட்டுவதற்குக்கூட ஒரு வாக்கியம் அகப்படவில்லை. ‘ஆதாரம் ஏதும் இல்லை’ என்று எழுதித் திருப்பினேன். நான் பார்த்தவரை அது உண்மை.

அவனுடைய ஆய்வுப் பதிவு அந்த வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிறது. புதன்கிழமை ஓடி வந்தான்.

“சார், நூத்தி எண்பது போட்டோ வெச்சிருக்கேன் சார். மல்லாட்டைக் கொல்லையிலயே குந்திக்கினு எடுத்தது.”

திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“இதானா சார்? நான் வேற பயந்துக்கினு வர்றேன். செட்டிங்ஸ்ல ஒரு டிக் ஆஃப்ல கீது. தள்ளுங்க சார், ஜல்தியா போட்டுடறேன்.”

அவன் கை நெருங்கியதும் மடிக்கணினியின் மூடியைச் சாத்தினேன்.

“கம்ப்யூட்டர் மேல பழி போடாதப்பா.”

“என் போன்லயே காட்றேன் சார். ரெண்டே நிமிஷம்.”

“எனக்கு வந்தது இதுலதான். இதுல இல்லன்னா இல்ல.”

அந்த டிக் எங்கே இருக்கிறது என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு ஆண்டுகளில் பத்தொன்பது பேருக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன். ‘படங்கள் மிகத் தெளிவு’ என்று தாராளமாகப் பாராட்டியும் இருக்கிறேன். சிலர் இப்போது கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். ஒரு டிக்கைப் போட்டால், நான் எதைப் பார்த்து அவர்களுக்குத் தேர்ச்சி கொடுத்தேன் என்ற கேள்வி வரும். பத்தொன்பது குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. என் பெயரும் இதில் அடிபடும் என்பது பிறகுதான் தோன்றியது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

சித்தார்த்தன் இப்போது விழுப்புரத்தில் ஓர் உரக்கடையில் வேலை செய்கிறானாம். விவசாயிகள் வாடிய இலையை நீட்டினால், பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறானாம்.

அவசரக்காரன். ஆய்வுக்கு அது ஆகாது.