எடுத்துக்கொண்ட நீலம்

ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து நீல நிறத்தை மட்டும் தனியாக உருவி எடுத்திருக்கிறேன். கத்தி இல்லை, மருந்து இல்லை, அவள்மேல் என் விரல்கூடப் படவில்லை. மற்ற நிறங்களை அப்படியே விட்டுவிட்டேன். எனக்குப் பேராசை கிடையாது.

நம்ப மாட்டீர்கள். என் மனைவி ஞானசௌந்தரியே நம்பியதில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. செகந்திராபாத் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் ரயிலைக் கைக்குட்டை காட்டி நிறுத்தியதாகவும், ஒரே தும்மலில் எங்கள் சர்ச் மணியை அடிக்க வைத்ததாகவும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். ரயில் விஷயம் பாதி உண்மை. "ஹவ், ஹவ், ஆமாமா. அடுத்து சார்மினாரை ரெண்டடி நகத்தி வச்சேன்னு சொல்லுங்க" என்பாள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு. ஆனால் நீலத்தைப் பற்றி நான் சொல்வதில் ஒரு சொட்டு மிகை கிடையாது.

என் பெயர் சிலாஸ். சைனிக்புரியில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரின் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து சௌந்தரராஜன் ஒரு டிசைன் ஸ்டுடியோ நடத்தினார். கீழே கர்னல் தன் ரோஜாச் செடிகளுக்கு ஆங்கிலத்தில் உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார். மேலே நாங்கள் ஊருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்போம். பாறையை வெடி வைத்துப் பிளந்தால் உள்ளிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எழுந்து வந்த காலம் அது. எழுந்த கையோடு அதற்கு ஒரு லோகோ வேண்டும், ஒரு பிரோஷர் வேண்டும், இரண்டும் நீலத்தில் வேண்டும். நம்பிக்கையின் நிறம் நீலம் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். நாங்கள் செலவழித்த நீலத்தில் ஹைதராபாத்துக்கு மேலே இன்னொரு வானமே தைத்திருக்கலாம்.

ஸ்டுடியோவில் என்னை 'கலர் சார்' என்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் நிறமும் காகிதத்தில் விழும் நிறமும் தாமாக ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போக வைப்பது என் வேலை. திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஒவ்வொரு மானிட்டரையும் துடைத்து, அச்சடித்த கலர் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை பட்டன்களை அழுத்திச் சரிசெய்வேன். அதற்கப்புறம் அந்தப் பட்டன்களை வேறு எவரும் தொடக் கூடாது. அது எங்கள் ஸ்டுடியோவின் கட்டளை. டிசைனர் தன் கண்ணை நம்புகிறாள் என்றால் என் கையை நம்புகிறாள் என்று அர்த்தம்.

ரோகிணி தூத்துக்குடிப் பெண். கணவன் கிருஷ்ணகுமாருக்கு இங்கே வேலை கிடைத்ததால் கூட வந்தவள். மற்றவர்கள் படங்களை வெட்டி ஒட்டுவார்கள், அவள் வரைவாள். நிறத்தை எண் கொடுத்துப் போடம்மா, பிசகாது என்றால், "எண்ணப் பாத்துப் போட்டா எண்ணு மாதிரியேல்லா இருக்கும் சார்" என்று சிரிப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, காகிதத்தில் தூரிகையால் ஒரு கடலை வரைந்துகொண்டிருந்தாள். முத்துக்குளிக்க இறங்கும் ஒரு சிறுமியின் கதை. பக்கத்துக்குப் பக்கம் ஆழம் கூடும், நீலமும் கூடவே மாறிக்கொண்டு போகும். டெல்லியில் ஒரு பதிப்பகம் அதைக் குழந்தைகள் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டிருந்தது. வேறு எதைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பேச்சு அந்தப் புத்தகத்தில் வந்துதான் முடியும்.

நான் சொல்லும் கதைகளை நம்பியவளும் அவள் ஒருத்திதான். ரயில் கதையைச் சொன்னபோது, "டிரைவர் ஏசலையா சார்?" என்று கவலையாகக் கேட்டாள்.

ஒரு நாள் டீ டம்ளரோடு என் மேஜைக்கு வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"கொஞ்ச நாளா எல்லா மானிட்டர்லயும் நீலம் தூக்கலா இருக்கு. கண்ண ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருங்க. எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் சார். புரை விழுந்து, வெள்ளை வேட்டிய மஞ்சளா வெளுத்துட்டான்னு லாண்டரில போய்ச் சண்டை. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை என்றார். புரைக் கண்ணுக்கு நீலம் மங்கி, எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியுமாம். அந்த வார்த்தை வெளியே போனால் கலர் சாருக்கு அங்கே நாற்காலி ஏது. மறுநாள் ரோகிணியிடம், "டாக்டர் எழுந்து நின்னு கை குடுத்தார்ம்மா. இந்த வயசுல இப்படி ஒரு கழுகுக் கண்ணான்னு நர்ஸையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்" என்றேன். வழக்கம்போல் நம்பினாள். முகம் மட்டும் கொஞ்சம் வாடியது. என் கண் சரி என்றால் யாருடையது தவறு என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருப்பாள்.

அந்த யோசனைக்கு நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான்.

ஒரு ஸ்டுடியோவில் சரியான கண் ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டு இருந்தால் குழப்பம். இதைப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள், இது நிர்வாகம். அடுத்த திங்கட்கிழமை அவள் மானிட்டரில் சிவப்பை ஒரே ஒரு அழுத்து குறைத்தேன். அதற்குக் கண் தேவையில்லை, விரல் போதும். அடுத்த வாரம் இன்னோர் அழுத்து. சிவப்பு குறைந்த திரையில் ஊதாகூட நல்ல நீலமாகத் தெரியும். மெதுவாகக் கொடுத்தால் எதையும் பழகிக்கொள்வது கண்ணின் சுபாவம். பாவம், அதற்குச் சந்தேகப்படத் தெரியாது.

எங்கள் வேலையெல்லாம் நாச்சாரத்தில் ஓர் அச்சகத்தில் அச்சாகும். அச்சைப் பார்க்கப் போன ரோகிணியின் முன்னால், ஈரம் காயாத தாளைத் தூக்கிப் பிடித்த மெஷின்காரர் நூர் முகமது, "மேடம், யே நீலா நை. பைங்கன் ஹை" என்றார். அசல் கத்திரிக்காய் நிறம். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். வருவதற்குள், அவள் திரையில் குறைத்த சிவப்பையெல்லாம் நான் கூட்டி வைத்திருந்தேன். சௌந்தரராஜன் அவள் பின்னால் வந்து நிற்க, அவள் ஃபைலைத் திறந்தாள். திரை முழுக்கக் கத்திரிக்காய்.

"நேத்து நீலமாத்தான் சார் இருந்துச்சு."

சௌந்தரராஜன் என்னைப் பார்த்தார். "மானிட்டர்ல ஏதாவது கோளாறா?"

"அட்டையை வச்சு நீங்களே பாருங்க" என்றேன்.

வைத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை.

"அசதியா இருக்கும்மா. வீட்டுக்குப் போய்ப் படு" என்று ரோகிணியிடம் சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன்.

இன்னும் சில முறை அப்படி நடந்தது. பக்கத்து இருக்கைப் பையன் பெர்லின், "அக்கா, இன்னைக்கு லஞ்சுக்கு பைங்கன் பஜ்ஜியா?" என்று கிண்டல் செய்வான். முதலில் அவன் தலையில் குட்டுவாள். பிறகு குட்டுவதையும் நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு பக்கத்தையும் யாரையாவது கூப்பிட்டு, "இது நீலந்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். இரண்டு ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டினாள். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

"கண்ணுல ஒண்ணுமில்லையாம் சார்" என்றாள் என்னிடம். "அப்ப மண்டைலதான் என்னமோ."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் இருந்தேன். அவளாகத்தான் அந்தக் கடலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

புத்தகத்தின் பக்கங்களை என் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். அதற்கும் மானிட்டருக்கும் சம்பந்தமே இல்லை. காகிதமும் வண்ணமும் அவள் கண்ணும் மட்டும். "இத இன்னைக்கு டெல்லிக்கு அனுப்பணும் சார். எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. நீலமா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா அனுப்பிருதேன்."

குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்குக் கலங்கின குட்டைத் தண்ணீர்போல ஒரு பழுப்புதான் தெரிந்தது. அது என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். கலர் சார் அப்படிச் சொல்ல முடியுமா.

"ஊதாவா இருக்கேம்மா" என்றேன்.

அவள் பக்கங்களை அடுக்கினாள். மூலைகளைத் தட்டிச் சமன்செய்தாள். "சரி சார்" என்றாள்.

டெல்லிக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். மாதம் முடிந்ததும் வேலையை விட்டாள். தூரிகைகளையெல்லாம் பெர்லினிடம் கொடுத்தாள். அவன் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. எனக்கு அந்தக் கடலின் கடைசிப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தாள். "என்ட்ட கடைசி வரைக்கும் பொறுமையா இருந்தது நீங்க ஒருத்தர்தான் சார்." அதை வீட்டு ஹாலில் மாட்டினேன். பிறகு தார்நாகாவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பெயரும் முகவரியும் டைப் செய்யும் வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். வெள்ளையில் கறுப்பு. அங்கே அவளுக்குத் தொந்தரவு இருந்திருக்காது.

ஓய்வு பெற்றபோது எனக்குச் சால்வை போட்டார்கள். இந்த ஊரில் கலர் சார் கண்ணுக்கு நிகர் இல்லை என்று சௌந்தரராஜன் பேசினார். அப்புறம் கண் அறுவை செய்துகொண்டேன். இனி யாருக்குத் தெரிந்தால் என்ன.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவன் ஹாலில் அந்தப் படத்தின் முன்னால் ஒரு வாரம் சோறு தண்ணீர் இல்லாமல் நின்றேன் என்று சொல்வது வழக்கம். உண்மையில் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மேலே வெளிச்சம் கலந்த நீலம். அதற்குக் கீழே, சிறுமியின் கால் மறையும் இடத்தில், ஒரு நீலம். அதற்கும் கீழே இருந்ததற்கு, எத்தனையோ வருஷம் கலர் பார்த்த எனக்கே பெயர் தெரியவில்லை. ஊதா ஒரு துளிகூட இல்லை.

அன்று சாயங்காலம் ஞானசௌந்தரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குரோஷா பின்னிக்கொண்டே கேட்டாள். "நக்கோங்க, வேணாம்" என்று சிரித்தாள். "ரயில நிறுத்துனீங்க, ஒத்துக்கறேன். ஒருத்தி கண்ணுல இருந்து கலர எடுக்கவெல்லாம் உங்களுக்கு சாமர்த்தியம் பத்தாது."

எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

கண் அறுவை என்று கேள்விப்பட்டு, போன மாதம் ரோகிணி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தாள். கூடவே ஆறு வயது மகள் வர்ஷினி.

"கண்ணு இப்ப எப்படி சார்?"

"கழுகும்மா" என்றேன்.

சிரித்தாள். "புரையா சார்? எங்க பெரியப்பாவுக்கும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். சுவரில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. அது இருக்கும் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஞானசௌந்தரி பின்னிக்கொண்டிருந்தாள். நூல் கூடை ரோகிணியின் காலடியில் இருந்தது. "ரோகிணி, அந்த நீலக் கண்டை எடுத்துத் தாம்மா" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

கூடையில் ஊதாவும் பச்சையும் நீலமும் கலந்து கிடந்தன. ரோகிணியின் கை நேராக நீலத்துக்குப் போனது. அதைத் தொட்டது. தொட்ட கை அப்படியே நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு, மகள் பக்கம் திரும்பினாள்.

"வர்ஷு, இதுல நீலம் எதும்மா?"

"இதி மம்மி" என்று குழந்தை எடுத்துக் கொடுத்தது. தினமும் செய்கிற வேலைபோல, தலை நிமிராமல்.

அவர்கள் ஆட்டோ ஏறிப் போன பிறகும் ஞானசௌந்தரி வெகுநேரம் வாசல் கேட் அருகே நின்றாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் என் எதிரே நின்றாள்.

"கைக்குங்க, எதுக்குங்க? அந்தப் புள்ள உங்கள என்ன பண்ணுச்சு?"

யோசித்துப் பார்த்தேன். "கண்ணை டாக்டர்கிட்ட காட்டச் சொன்னா."

அவள் சிரிக்கவில்லை. சார்மினாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நூல் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நடந்துதான் இருக்கு" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில் அவள் முழுதாக நம்பியது அது ஒன்றைத்தான். நம்பினால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.