பதினேழாம் மரம்

எலுமிச்சை ஊறுகாய் எனக்கு ஆகாது, ஐயா. ஒரு துண்டு தொட்டாலும் நெஞ்சு கரிக்கும். மற்றபடி அந்த மரங்கள்மேல் எனக்கு என்ன பகை. பன்னிரண்டு தோப்பில் கன்று பட்டுப்போனதற்குத் தென்றல் மேடத்தைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண் பாவம். அதனால்தான் நானாகவே வந்தேன்.

பேர் தர்மராஜ். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை. வீரம்மாள் என் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். திட்டக்குடி ரோட்டில் அவளுக்கு நாற்பது எலுமிச்சை மரம். புருஷன் செத்த பிறகு தோப்பிலேயே கொட்டகை போட்டுக்கொண்டு கிடந்தாள். "என் வூட்டுக்கு வந்துடுக்கா" என்று ஒன்பது வருஷம் கூப்பிட்டேன். "மரத்த வுட்டுட்டு எப்பிடிடா வரது?" என்பாள். தம்பி ஒண்டியாய்ப் பொங்கித் தின்கிறானே என்று ஒரு நாளாவது நினைத்திருப்பாளா, தெரியவில்லை.

பிறகு தோப்பில் நோய் விழுந்தது. இலை மஞ்சளாகும், காய் கோணும், மரம் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். மருந்து கிடையாது. ஆராய்ச்சி செய்யத் தென்றல் வந்தார். இலையை அரைத்து அதிலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. நோய்க்கு அசையாத மரத்தில் ஏதோ ஒரு புரதம் கூடுதலாக இருக்குமாம். அது அகப்பட்டால் மற்ற மரங்களையும் பிழைக்க வைக்கலாமாம். மரத்துக்கு மரம் எண் மாட்ட வேண்டும் என்றார். அட்டை மழையில் ஊறிவிடும், தகடு துருப்பிடிக்கும். நான் பீங்கான் வில்லை சுட்டுக் கொடுத்தேன், ஒன்று முதல் நாற்பது வரை. சூளையில் வெந்த எண் அழியாது.

நாலு வருஷத்தில் ஒவ்வொன்றாகப் போய், பதினேழும் பதினெட்டும் மட்டும் பச்சையாக நின்றன. அந்தப் புரதம் பதினேழில் இருக்கிறது என்று தென்றல் சொன்னபோது அக்கா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இது ஒண்ணு போதும்டா, தோப்பு திரும்பி வந்துடும்" என்றாள். அறுபத்திரண்டு வயதில் இன்னொரு தோப்பு எதற்கு? எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பதினெட்டு பார்க்கத்தான் பச்சை. சோதனையில் நோய் இருப்பது தெரிந்துவிட்டது. அதை வெட்டி எரிக்கச் சொல்லிவிட்டுத் தென்றல் ஊருக்குப் போனார். மத்தியானம் அக்கா சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு வில்லைகளையும் மாற்றி மாட்டினேன். கம்பியை முறுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கோடாலியோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"டேய் தம்பி, இது பதினேழாச்சே. எம் மரம் எனக்குத் தெரியாதா?"

"நம்பரப் பாருக்கா. சுட்ட நம்பரு மாறுமா? உனக்கு வயசாயிடுச்சு."

மரத்தைப் பார்த்தாள், வில்லையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளே வெட்டினாள். தீயையும் அவளே வைத்தாள். நான் கை வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய மரத்தில் மொட்டெடுத்துத் தென்றல் ஒட்டுக்கன்று கட்டிப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தார். அது நான் நினைக்காதது. கொடுத்த பிறகுதான் சந்தேகப்பட்டு வந்தார். "அண்ணே, பழைய புரதம் இந்த இலையில இல்ல. மரம் மாறிடுச்சா?" என்றார். அக்காவைக் கேளுங்கள் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இப்பல்லாம் எதுவும் நெதானமில்லம்மா" என்றாள்.

அந்த மரமும் பட்டுப்போக, இப்போது அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். வெயில் இல்லை, ஃபேன் காற்று. ஆனால் தன் கண்ணையே நம்புவதில்லை. உப்பா சர்க்கரையா என்று நாக்கில் வைத்துப் பார்த்த பிறகும் என்னைக் கேட்பாள். பாவமாயிருந்தது. டப்பாவுக்கு எண் வில்லை சுட்டு மாட்டினேன். ஒன்று உப்பு, இரண்டு சர்க்கரை. அதோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். வீடு வெறிச்சோடிப் போனது.

அதனால் வாரத்துக்கு ஒரு தரம் அந்த இரண்டையும் மாற்றி மாட்டி வைக்கிறேன். "தம்பி, இங்க வாயேன்" என்று பயந்துபோய்க் கூப்பிடுவாள். ஓடிப் போய்ப் பார்ப்பேன்.

கையெழுத்து எங்கே போடணும், ஐயா? அவள் தனியாக இருக்கிறாள். நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.