மூன்றாம் கட்டத்து நீலம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம், பேருந்தில் ஜன்னலோர இருக்கையை என் மனைவி ஜாக்குலினுக்குத்தான் கொடுப்பேன், டாக்டரம்மா. காற்றுப் பட்டால் அவளுக்கு அரிப்பு கொஞ்சம் அடங்கும். இன்றும் அப்படித்தான் வந்தோம். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் மாதா கோயிலில் நான் உபதேசியார். போன வருடம் மாதா திருவிழாவுக்கு, சபைப் பெண்கள் நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி நீலச் சேலையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். இரண்டாம் வாரமே ஜாக்குலினுக்குக் கழுத்திலும் அக்குளிலும் தடித்துப்போனது. சபையிலிருக்கும் இருதயசெல்வியும் கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்தாள்.

"உபதேசியாரே, உங்க சேலயக் கட்டிக்கினா செத்தப்புறம் வேவுற உத்தரிக்கிற ஸ்தலத்த இங்கியே பாத்துட்லாம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புழுக்கம்தான் என்று சொல்லிவைத்தேன்.

நீங்கள் துணிச் சாயங்களை ஜாக்குலின் முதுகில் வரிசையாக ஒட்டிச் சோதித்தீர்கள். மூன்றாவது கட்டம் நீலம், நான்காவது மஞ்சள் என்று எனக்கும் பொறுமையாகக் காட்டினீர்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது ஒன்றும் தெரியவில்லை. சிலருக்குத் தாமதமாகத்தான் தெரியும் என்று சொல்லி, கட்டங்களை மையால் வரைந்து, அழிந்தால் அதன்மேலேயே வரையச் சொல்லி அனுப்பினீர்கள்.

மறுநாள் காலை மூன்றாம் கட்டம் சிவந்து கொப்புளம் விட்டிருந்தது. எனக்கு நாற்பது சேலைகளும் கண்முன் வந்தன. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மையைத் துடைத்தேன். வலிக்காமல்தான் துடைத்தேன். பிறகு, சிவப்பு நான்காம் கட்டத்துக்குள் விழும்படி எல்லாக் கோடுகளையும் தள்ளி வரைந்தேன்.

"இன்னாங்க, முதுவுல பாண்டி ஆடறீங்களா? கோடு போட்டுக்கினே இருக்கீங்க" என்றாள் ஜாக்குலின்.

"அசையாம இரு. டாக்டரம்மா சுத்தமா இருக்கணும்னாங்க."

அடுத்த நாள் நீங்கள் பார்த்துவிட்டு, இவ்வளவு அக்கறையாக யாரும் கோடு போட்டுக்கொண்டு வரமாட்டார்கள் என்றீர்கள். மஞ்சள் சாயம் ஆகாது என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

அவள் மஞ்சள் துணிகளையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் ஜெபமாலைக்கு நீலச் சேலை கட்டினாள். உபதேசியார் மனைவியே கட்டாவிட்டால் நன்றாக இருக்காது என்று நான்தான் சொன்னேன். எட்டு மாதம் போயிற்று. புண்ணில் நீர் வடிந்தது. ஒவ்வொரு இரவும் களிம்பு தடவிவிட்டேன். கோயிலில் பெண்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஏதோ பாவத்துக்கான தண்டனை இது என்று நினைத்து, அவள் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கத் தொடங்கினாள்.

"நா இன்னா பாவம் பண்ணேன்னு உங்களுக்காவது தெரியுதாங்க?"

நன்றாக யோசித்துப் பார் என்றேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு நானே அழைத்துப் போனேன். வரிசை வெயிலில் நின்றது. அவளுக்குக் குடை பிடித்தேன்.

இப்போது புண் சீழ்பிடித்துக் காய்ச்சல் ஏறியிருக்கிறது. வெட்கத்தால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோடுகளைத் தெரிந்தேதான் மாற்றினேன். உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. அவளிடம் மட்டும் சொல்லவேண்டாம், தாங்கமாட்டாள். சோதனையில் உங்கள் பக்கம் ஒரு தவறு நடந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். அவள் இரக்கமுள்ளவள். உங்களை மன்னிக்கும்படி நானே அவளிடம் எடுத்துச் சொல்கிறேன்.